ஏழாவது மாடியில் இரண்டு விரல்

ஜூன் 8

வாண்டுக்கு,

உன் தாத்தா தினமும் மாலை ஐந்தரைக்கு ஒரு கேள்வி கேட்கிறார்.

"அந்தப் பொண்ணு ஏன் இப்பல்லாம் வர்றதில்ல?"

எந்தப் பொண்ணு என்று கேட்டால் கையை விரிக்கிறார். நீயாக இருக்கலாம். நீ போன பிறகு பகலில் அவரைப் பார்த்துக்கொள்ள நான் வைத்த நர்ஸாக இருக்கலாம். அவர் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுகிறார். நாற்பது வருடத்துக்கு முந்தைய நானாகக்கூட இருக்கலாம். இருபது வருடமாகப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் நடத்துகிறவள், ஆதாரம் இல்லாமல் "உன்னைத்தான் கேட்கிறார்" என்று எழுதி உன்னை உருக்கப் பார்க்க மாட்டேன். கேட்கிறார் என்பது மட்டும் உண்மை.

பத்து வாரமாக நீ என் போனை எடுப்பதில்லை. உன் அத்தையிடம் கேட்டால், "நல்லா இருக்கா அண்ணி, நல்லா சாப்பிடுறா" என்கிறார். வேறு எதுவும் அவர் வாயிலிருந்து வருவதில்லை. நீ கட்டுப்பாடு விதித்திருக்கிறாய் என்று தெரிகிறது. கடிதம் எழுதச் சொன்னது உன் அப்பா. கப்பலிலிருந்து பேசும்போது சொன்னார்: "நீங்க ரெண்டு பேரும் போன்ல பேசுறது கொதிக்கிற எண்ணெயில தண்ணி தெளிக்கிற மாதிரி. எழுதிப் பாரு. எழுதும்போது யாரும் குறுக்க பேச முடியாது."

மார்ச் மாதம் அந்தச் சனிக்கிழமை, தாத்தா காணாமல் போய் ஏழு மணி நேரம் கழித்து, மூன்று தெரு தள்ளியிருக்கும் பதினான்கு மாடிக் கட்டடத்து லிஃப்டில் கிடைத்தார். அப்போது நான் உன்னிடம் ஒரு வார்த்தை சொன்னேன். பதற்றத்தில் வந்த வார்த்தை. அதற்காக வீட்டையும் பள்ளியையும் விட்டுவிட்டு வேறு ஊருக்கே போய்விடுவது அளவுக்கு மீறியது என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன்.

செப்டம்பரில் உனக்கு விடுமுறை. வருகிறாயா என்று ஒரு வரி எழுது.

அம்மா

*

ஜூன் 21

அம்மா,

"ஒரு வார்த்தை" என்று எழுதினாயே தவிர, அந்த வார்த்தையை எழுதவில்லை. நான் எழுதுகிறேன்.

"இருபது நிமிஷம் ஒரு மனுஷன் மேல கண்ணு வச்சிருக்க முடியலையா உன்னால?"

வாட்ச்மேன், குடியிருப்போர் சங்கச் செயலாளர், இரண்டு போலீஸ்காரர்கள், கையில் காய்கறிப் பையோடு நின்ற யாரோ ஒரு ஆன்ட்டி, இத்தனை பேர் முன்னால்.

நான் போனை நோண்டிக்கொண்டிருக்கவில்லை. தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தேன். இடுப்பு வரை முடி இருந்தால் இருபது நிமிடம் ஆகும். நீதான் வெட்டக்கூடாது என்பாய். வெளியே வந்தபோது வாசல் கதவு திறந்து கிடந்தது. ஈரத் தலையோடு தெருத் தெருவாக ஓடினேன். மதியம் ஒரு முறை அந்தக் கட்டடத்துக்குள்ளும் போய், "ஒரு வயசானவர் வந்தாரா?" என்று கேட்டேன். "இல்லம்மா, லிஃப்ட் இன்ஸ்பெக்டர் மட்டுந்தான் வந்திருக்காரு" என்றார் வாட்ச்மேன். நன்றி சொல்லிவிட்டு வந்தேன் அம்மா. நன்றி சொல்லிவிட்டு!

இப்போது நான்கு நிமிடத்தில் குளித்து முடிக்கிறேன். அத்தை வீட்டில் தாத்தா இல்லை, ஆனாலும் உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டதும் தானாக எண்ணத் தொடங்கிவிடுகிறேன். இருநூற்று நாற்பது வந்ததும் வெளியே வந்துவிடுவேன். அதற்குமேல் முடியவில்லை. அதனால் முடியைக் கழுத்துக்கு மேலே வெட்டிவிட்டேன். உன்னிடம் சொல்லக்கூடாது என்று அத்தையிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். அவரைத் திட்டாதே.

ஒரு நல்ல விஷயமும் இருக்கிறது. இங்கே பள்ளி நூலகரின் அம்மாவுக்கும் தாத்தாவின் வியாதிதான். சனிக்கிழமை காலையில் அவர் நூலகத்தைத் திறந்துவைக்கிறார். என் மாதிரி ஆறு பேர் வருகிறோம். அழலாம், சிரிக்கலாம், யாரும் யாருக்கும் அறிவுரை சொல்லக்கூடாது. அவ்வளவுதான் சட்டம். ஒரு போட்டியும் உண்டு. அந்த வாரம் யாரை அவரவர் தாத்தா பாட்டி மிக விசித்திரமான வேறு ஆளாக நினைத்தார்களோ, அவர்களுக்குக் கைப்பிடி உடைந்த ஒரு கோப்பை. பன்னிரண்டாம் வகுப்பு அக்கா ஒருத்தியைத் தண்ணி லாரி டிரைவர் என்று நினைத்து அவள் பாட்டி தினமும் சண்டை போடுகிறார், "மூணு நாளா எங்கய்யா போன?" என்று. ஒட்டடைக்குச்சி என்று ஒருவன் இருக்கிறான். அவனை அவன் தாத்தா டாக்டர் என்கிறார். போன பரீட்சையில் அவன் உயிரியலில் பெயில்.

இரண்டு வாரம் வாயைத் திறக்காமல் இருந்தேன். மூன்றாவது வாரம் லிஃப்ட் கதையைச் சொன்னேன். ஏழு மணி நேரம் யாருக்கும் சந்தேகம் வராததற்குக் காரணம், அவர் நிஜமாகவே முப்பத்தைந்து வருடம் லிஃப்ட் மெக்கானிக் என்று சொன்னதும் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் அழுதேன். கோப்பை எனக்கு.

நீ மாட்டியிருக்கும் அந்த வெள்ளைப் பலகை இன்னும் இருக்கிறதா? "நீங்கள் ஓய்வு பெற்றுவிட்டீர்கள். அம்மா காலமாகிவிட்டார்." தினமும் காலையில் அவர் அதைப் படித்துவிட்டுப் பாட்டிக்காகப் புதிதாக அழுவார். உனக்கு உண்மை முக்கியம். சரி. ஒரு தடவை சொன்னால் போதாதா?

செப்டம்பரில் வரமாட்டேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

வாண்டு
(ஐந்தடி ஆறங்குலம். பெயரை மாற்றலாம்.)

*

ஜூலை 5

வாண்டுக்கு,

முடியைப் பற்றி நீ எழுதிய பத்தியை மூன்று முறை படித்தேன். அதற்குப் பதிலாக எது எழுதினாலும் பொருத்தமாக இல்லை. எழுதியதையெல்லாம் கிழித்துவிட்டேன். அத்தையைத் திட்டவில்லை.

சனிக்கிழமைக் கூட்டம் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது. நோயாளிகளை வைத்துப் போட்டி நடத்துவது நாகரிகமா? ஆறு பேர் சேர்ந்து சிரித்தால் பாரம் குறையும் என்பதற்கு என்ன ஆதாரம்? ஆனால் நீ சிரித்தாய் என்று எழுதியிருக்கிறாய். மார்ச்சுக்குப் பிறகு அதைப் பற்றி எனக்குக் கிடைத்த முதல் தகவல் அதுதான். ஆகையால் நான் ஆட்சேபிக்கவில்லை.

தாத்தா இப்போது வீட்டிலுள்ள எல்லாக் கதவுகளையும் சோதிக்கிறார். அலமாரிக் கதவைத் திறந்து மூடி, விரல்விட்டு எண்ணுகிறார். "நாலு செகண்ட். பரவாயில்ல." ஃப்ரிட்ஜுக்கு மட்டும் நல்ல பெயர் இல்லை. நேற்று என்னிடம், "இதுல ஆள் ஏத்தாதீங்க" என்றார். இது உன் போட்டிக்கு ஆகுமா என்று தெரியவில்லை.

பலகை இருக்கிறது. அதன் காரணத்தையும் சொல்கிறேன். மறந்துபோகிற மனிதருக்கு உண்மைகூடக் கிடைக்காமல் போனால் பிடித்துக்கொள்ள என்ன இருக்கும்? என் அப்பாவை நான் குழந்தையாக நடத்த விரும்பவில்லை. ~~நான் அவரிடம் ஒருபோதும் பொய் சொன்னதில்லை.~~

அடித்த வரியைப் பொருட்படுத்தாதே. ஏதோ எழுத வந்து ஏதோ ஆகிவிட்டது.

அம்மா

*

ஜூலை 19

அம்மா,

ஃப்ரிட்ஜ் இரண்டாம் இடம். ஒட்டடைக்குச்சியை அவன் தாத்தா மாமியார் என்று கூப்பிட்டுவிட்டார். அதை யாரும் மிஞ்ச முடியாது.

அடித்த வரியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டேன். நீ அழுத்தி எழுதுகிறவள்.

அந்தக் கட்டடத்துச் செயலாளருக்கு நான் ஒரு கடிதம் எழுதியிருந்தேன். எதற்கென்று இப்போது சொல்ல மாட்டேன். அவர் பதில் போட்டிருக்கிறார், ரொம்ப மரியாதையாக. அன்றைக்குத் தாத்தா லிஃப்டில் ஏறிய ஒவ்வொருவரிடமும், "ஏழாவது மாடியில ரெண்டு விரல் கீழ நிக்குது, பாத்து இறங்குங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். மறுவாரம் கம்பெனி ஆட்கள் வந்து அளந்து பார்த்தால், நிஜமாகவே இரண்டு விரல். அங்கே இரண்டு பேர் தடுக்கி விழுந்திருக்கிறார்கள், யாருக்கும் காரணம் தெரியவில்லையாம். தாத்தா சொன்ன பிறகுதான் சரிசெய்தார்களாம்.

இதைப் படித்துவிட்டு அத்தை வீட்டு மொட்டைமாடியில் குதித்தேன். கீழ்வீட்டுக்காரர் கம்பால் தட்டினார்.

ஆனால் கடைசியில் ஒரு வரி இருக்கிறது. "ஐயா வைத்திருந்த காக்கிப் பையை வாட்ச்மேன் அன்றே உங்கள் அம்மாவிடம் தனியாகக் கொடுத்துவிட்டார், கிடைத்திருக்கும் என்று நம்புகிறேன்."

என்ன பை? அவருடைய வேலைப் பை பரண்மேல் பூட்டு போட்ட பெட்டிக்குள் அல்லவா இருந்தது? தாத்தாவால் ஏணியில் ஏற முடியாது. நான் எடுக்கவில்லை.

அம்மா, பையை யார் கீழே எடுத்தது?

வாண்டு

*

ஆகஸ்ட் 2

வாண்டுக்கு,

நான்தான்.

பதில் தாமதமானதற்குத் தபாலைக் குறை சொல்ல வேண்டாம். பத்து நாள் என் மேசையில்தான் கிடந்தது.

தெரிந்த பொருட்களைக் கண்ணில் படும்படி வைத்தால் மனம் அமைதியாகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமை பையை இறக்கித் துடைத்து, ஸ்பேனர்களை எடுத்துவிட்டு, டார்ச்சையும் துணியையும் மட்டும் வைத்துச் செருப்பு அலமாரிமேல் வைத்தேன். சனிக்கிழமை காலை எனக்கு விடைத்தாள் திருத்தும் பணி, ஒன்பது மணிக்குப் போயாக வேண்டும். நீ உன் அறையில் இருந்தாய். தாத்தா பையைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கு எந்த சைட்டு?" என்றார்.

"அப்பா, நீங்க ரிட்டயர் ஆகிப் பதினாறு வருஷம் ஆச்சு" என்றேன்.

மறுபடி கேட்டார். மறுபடி சொன்னேன். ஆறு தடவை. ஏழாவது தடவை, மணி ஒன்பது பத்து. நான் பையை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"பத்து மணிக்கு வண்டி வரும்பா. ரெடியா இருங்க."

"அப்படிச் சொல்லு" என்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அவ்வளவு நிம்மதியான முகத்தை நான் பல மாதமாகப் பார்க்கவில்லை. நான் போய்விட்டேன். வாசல் கதவை உள்பக்கம் பூட்டச் சொல்லி உனக்குக் குரல் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை.

பத்து மணிக்கு வண்டி வரவில்லை. அவர் ஒரு நாள்கூட வேலைக்குத் தாமதமாகப் போனவர் இல்லை. நடந்தே போய்விட்டார்.

என் வாழ்க்கையில் அவரிடம் நான் சொன்ன ஒரே பொய் அது. அதைத்தான் அவர் மறக்கவில்லை.

வாட்ச்மேன் பையை நீட்டியபோதே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அதைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு, திரும்பி வந்து, உன்னைப் பார்த்து அந்த வார்த்தையைச் சொன்னேன். அறியாமல் சொல்லவில்லை. அறிந்த பிறகு சொன்னேன். நான்கு மாதமாக நீ எண்ணுகிற ஒவ்வொரு எண்ணும் என் கணக்கில் சேர வேண்டியது.

மன்னிப்பு என்ற சொல்லை இதுவரை நான் எந்தக் கடிதத்திலும் எழுதியதில்லை. இப்போது எழுதுகிறேன்: என்னை மன்னித்துவிடு. முடியாவிட்டால் அதையும் எழுது.

பலகையில் இப்போது கிழமையும் "மதியச் சாப்பாடு ஒரு மணிக்கு" என்பதும்தான் இருக்கின்றன.

அம்மா

*

ஆகஸ்ட் 16

அம்மா,

இதற்கு முன்னால் மூன்று கடிதம் எழுதினேன். மூன்றையும் நீ படிக்காமல் இருப்பதுதான் நல்லது. ஒன்றில் வெறும் கெட்ட வார்த்தை.

நான்கு மாதம் அம்மா! அந்தக் கதவை நான்தான் சரியாகப் பூட்டவில்லை என்று நினைத்தேன். கனவில்கூடப் போய்ப் போய்ப் பூட்டினேன். நான் ஊருக்குக் கிளம்புகிற வரை நீ பக்கத்து அறையில் பையை ஒளித்து வைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறாய்.

உன் கடிதத்தைச் சனிக்கிழமை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். கேட்காமல் செய்ததற்கு மன்னிக்க வேண்டாம், நாம் சமம். வாசித்து முடித்ததும் தண்ணி லாரி அக்கா, "ஏழாவது தடவைதான் பொய் சொன்னாங்களா? நான்லாம் ரெண்டாவது தடவையிலயே சொல்லிடுவேன்" என்றாள். ஒட்டடைக்குச்சி, "உங்கம்மாவுக்குக் கோப்பையக் குடுத்துரலாமா?" என்றான். "அதுக்கு அவங்களை யாராவது தப்பா நினைக்கணும்டா, சட்டம் சட்டம்தான்" என்றார் நூலகர்.

அன்று சாயங்காலம் குளிக்கும்போது இருநூற்று நாற்பதைத் தாண்டினேன். முந்நூற்றுப் பத்து. பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஆனால் நான்தான் தாண்டினேன்.

மன்னித்தேனா என்று கேட்டால், எழுபது சதவீதம். நீ சதவீதத்தில்தான் நம்புவாய்.

செப்டம்பரில் வருகிறேன், ஒரு நிபந்தனையோடு. ஒரு சனிக்கிழமை முழுக்கத் தாத்தாவும் நானும் மட்டும். நர்ஸ் வேண்டாம். காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை நீ வீட்டில் இருக்கக்கூடாது. போன் பண்ணக்கூடாது. பக்கத்து வீட்டாரை எட்டிப்பார்க்கச் சொல்லக்கூடாது, எனக்கு உன்னைத் தெரியும்.

இது அவருக்காக இல்லை. என்னால் முடியும் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

பையைத் துடைத்து வை. ஸ்பேனர் வேண்டாம். டார்ச்சுக்கு பேட்டரி போடு.

வாண்டு

*

செப்டம்பர் 12, மாலை

வாண்டுக்கு,

நீ அடுத்த அறையில்தான் இருக்கிறாய். தாத்தாவோடு ஏதோ பேசிச் சிரிக்கிற சத்தம் கேட்கிறது. ஆனாலும் எழுதுகிறேன். உன் அப்பா சொன்னது சரி, எழுதும்போது யாரும் குறுக்கே பேசுவதில்லை. நீ திரும்பிப் போகும்போது இதை உன் பெட்டியில் வைப்பேன்.

நேற்று நீ உள்ளே நுழைந்ததும் தாத்தா உன்னை ஏற இறங்கப் பார்த்து, "யாரு?" என்றார். நான் வாயைத் திறந்தேன். பழக்கதோஷம். அதற்குள் நீ, "ஆபீஸ்லருந்து வந்திருக்கேன்" என்றாய். அவர் எழுந்து நின்று சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு, "உக்காருங்க மேடம்" என்றார். நீ உட்கார்ந்தாய், மேடம் மாதிரியே.

இன்று ஐந்தரைக்கு, நீ அவர் எதிரே உட்கார்ந்து பழம் நறுக்கிக்கொண்டிருந்தபோதே, "அந்தப் பொண்ணு ஏன் இப்பல்லாம் வர்றதில்ல?" என்று என்னிடம் கேட்டார். நீ கத்தியை நிறுத்தாமல், "லீவுல இருக்கா சார், வந்துருவா" என்றாய். அவர் கேட்பது உன்னையா இல்லையா என்பது எனக்கு இன்னும் தெரியாது. தெரியாமலே இருக்கலாம் என்று இன்றுதான் தோன்றியது.

நாளை எட்டு மணிக்குக் கிளம்புகிறேன். போன் பண்ண மாட்டேன். பயம் இல்லை என்று எழுதினால் அது இரண்டாவது பொய்யாகிவிடும்.

அம்மா

செப்டம்பர் 13

நீயும் உடன் இருந்தாய். ஆனாலும் நடந்ததை நடந்தபடி எழுதி வைப்பது என் வழக்கம்.

எட்டு மணியிலிருந்து துறை அலுவலகத்தில் இருந்தேன். ஒரு பக்கத்தைப் பதினோரு முறை படித்தேன். போனைக் கையில் எடுத்தது நான்கு முறை, பேசியது இல்லை.

ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தேன். கதவு வெளிப்பக்கம் ஒழுங்காகப் பூட்டியிருந்தது. சாவியால் திறந்து பார்த்தேன். யாரும் இல்லை. சாப்பிட்ட தட்டுகள் இரண்டும் கழுவிக் கவிழ்த்திருந்தன. குளியலறைத் தரை காய்ந்தும் காயாமலும் இருந்தது. செருப்பு அலமாரிமேல் பை இல்லை.

ஓடவில்லை. வேகமாக நடந்தேன்.

பதினான்கு மாடிக் கட்டடத்து வாட்ச்மேன் என்னைப் பார்த்ததும் எழுந்தார். "வாங்கம்மா. இன்ஸ்பெக்டர் ஐயா மூணு மணிக்கே வந்துட்டாரு. ஆபீஸ் மேடமும் கூட வந்திருக்காங்க." சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது, செயலாளரின் கையெழுத்தோடு. இன்று மூன்று மணி முதல் ஐந்தே முக்கால் வரை லிஃப்ட் சோதனை, குடியிருப்போர் ஒத்துழைக்கவும். நீ ஜூலையில் அவருக்கு எதற்குக் கடிதம் எழுதினாய் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

லிஃப்ட் கீழே வந்தது. கதவு திறந்தது. காக்கிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தாத்தா பொத்தான்களின் பக்கத்தில் நின்றார். நீ ஒரு நோட்டுப் புத்தகத்தோடு எதிர்மூலையில் நின்றாய். உன் தலையிலிருந்து ஷாம்பூ வாசனை வந்தது.

"இருபது நிமிஷம்" என்றாய் நீ, மெல்லிய குரலில். "எண்ணல. மூணு மணிக்கு வண்டி வரும், ரெடியா இருங்கன்னு சொல்லிட்டுக் குளிக்கப் போனேன். வெளிய வந்தப்போ நாற்காலியிலயே உக்காந்திருந்தாரு."

"வண்டி?"

"வந்துச்சே. நாந்தான் வண்டி."

தாத்தா திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என்னைத் தெரிந்ததற்கான அடையாளம் எதுவும் இல்லை. முன்பானால், "அப்பா, நான் உங்க பொண்ணு" என்று சொல்லியிருப்பேன். பலகையில் எழுதியும் வைத்திருப்பேன்.

"எந்த மாடிம்மா?" என்றார்.

"ஏழு" என்றேன்.

பொத்தானை அழுத்தினார். கதவு மூடும்போது விரல்விட்டு எண்ணினார். மூன்றாவது மாடியைத் தாண்டும்போது என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, "மேடம் ரொம்ப கண்டிப்பு. ஆனா நியாயமானவங்க" என்றார். நீ நோட்டில் எதையோ எழுதுவதுபோலக் குனிந்துகொண்டாய். உன் தோள் குலுங்கியது.

ஏழாவது மாடியில் லிஃப்ட் நின்றது. தாத்தா என்னைக் கையால் தடுத்துவிட்டு, மெதுவாகக் குனிந்து, லிஃப்டின் தரையும் வெளித்தரையும் சேருமிடத்தில் இரண்டு விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். நிமிர்ந்தார்.

"மட்டம் சரியா இருக்கு. எழுதிக்கோங்க மேடம்."

"எழுதிட்டேன் சார்."

"அம்மா, கோப்பை இந்த வாரம் உனக்குத்தான்" என்றாய் அதே மூச்சில். "உன்னை ஏழாவது மாடிக்காரின்னு நினைச்சுட்டார்."

அப்போது மணி ஐந்து முப்பத்திரண்டு. அந்தக் கேள்வியை அவர் இன்று கேட்கவில்லை. வேலையாக இருந்தார்.

"நீங்க இறங்கலாம்மா" என்றார் என்னிடம்.

ஏழாவது மாடியில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. இறங்கினேன். கதவு மூடியது, நான்கு செகண்ட். அங்கே நின்று நான் சத்தமாகச் சிரித்ததை ஒரு வீட்டுக்காரர் கதவைத் திறந்து பார்த்தார். பிறகு பொத்தானை அழுத்திவிட்டு, நீங்கள் இருவரும் திரும்பி வருவதற்காகக் காத்திருந்தேன்.